என் இரங்கல் கூட்டத்தில் மூன்றாவது வரிசை

மார்ச் 4, செவ்வாய்

சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுக்கப் போனேன். நான் சொல்லிக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூலில் காலை வகுப்பை இன்னொருத்தர் பார்த்துக்கொண்டார். ஊசியைக் குத்திய பிறகுதான் சீட்டில் என் பெயரைப் படித்தான் லேப்காரன். நிமிர்ந்து பார்த்தான். கல்லூரியில் என்னோடு விலங்கியல் படித்தவன். தவளையை அறுத்த அன்றே மயங்கி விழுந்தவன். அவனுக்கு இப்போது ரத்தப் பரிசோதனை நிலையம்!

"நீ செத்துட்டியே," என்றான்.

"ரத்தம் வருதா இல்லையா?"

"வருது..."

சொல்லிவிட்டு ஸ்டூலில் சரிந்தான். ரத்தத்துக்குப் பழகிவிட்டான் போல. என்னைப் பார்த்துதான் மயக்கம். ஊசி என் கையிலேயே நிற்க, நான் அவனுக்குத் தண்ணீர் தெளித்தேன்.

மார்ச் 5

நான்கு வருடம் முன்பு யாரோ ஒருத்தி, அதே பெயர், அதே வயது, போய்ச் சேர்ந்திருக்கிறாள். எங்களோடு படித்து இப்போது வக்கீலாக இருப்பவர் அதைப் பேப்பரில் பார்த்து, நான்தான் என்று வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட, எல்லோரும் அழுது முடித்துவிட்டார்கள்.

லேப்காரன் என்னை அந்தக் குரூப்பில் சேர்த்தான். படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. மூன்று அரியர் வைத்தவன் அதே துறைக்குத் தலைவர். வகுப்பில் வாயே திறக்காதவள் ரயில் நிலையத்தில் அறிவிப்புக் குரல். என்னைப் பற்றியும் இருந்தது: 'அருமையான பாடகி. அகால மரணம்.' நான் எங்கே பாடினேன்?

"நான் உயிரோடதான் இருக்கேன்" என்று போட்டேன். வக்கீல் உடனே: "இறந்தவங்க பேர்ல விளையாடாதீங்க மேடம். நிஜம்னா, நம்ம காலேஜ் லேப் அட்டெண்டருக்கு நாம வெச்ச பட்டப்பேர் என்ன?"

யோசித்தேன், யோசித்தேன். வரவில்லை. நான்தான் நான் என்கிற பரீட்சையில் பெயில்.

மார்ச் 6

லேப்காரன் என் ரிப்போர்ட்டைக் குரூப்பில் போட்டு என்னை உயிர்ப்பித்துவிட்டான். இப்போது எல்லோருக்கும் தெரியும், எனக்குச் சர்க்கரை இருக்கிறது.

மார்ச் 7

வக்கீல் போன். ஞாயிறன்று வகுப்புச் சந்திப்பு, அதில் என் இரங்கல் கூட்டம்.

"அதான் நான் இருக்கேனே?"

"ஹால் சொல்லியாச்சு, பேச்சாளருங்களும் தயார். நீங்க வந்தா சந்தோஷம். ஆனா நிகழ்ச்சி நடக்கும்."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டையை மடித்துக்கொண்டே, "போயிட்டு வா. உன்னைப் பத்தி நாலு பேரு நல்லதா பேசி வேற எப்போ கேக்கப் போற?" என்றார். புருஷன்!

நெட்டை வருவாளா? ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரே சோப்பு. என் கல்யாணத்துக்கு வரவில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. அதோடு பேச்சு விட்டுப்போயிற்று. வந்தால் என்ன, வராவிட்டால் என்ன — என்று எழுதுகிறேன், பிறகு ஏன் புடவையை மூன்று தடவை மாற்றிப் பார்த்தேன்?

மார்ச் 9, ஞாயிறு

மேடையில் என் படம். குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது. ஓரத்தில் நெட்டையின் காது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். ஒருத்தன் என் பாட்டை நினைத்துக் கண்ணைத் துடைத்தான். பக்கத்திலிருந்த துறைத் தலைவர் குனிந்து, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

பிறகு நெட்டை மைக் முன்னால் வந்தாள். அவள் குரூப்பிலேயே இல்லையாம், வக்கீல் போனில் கூப்பிட்டு வந்தவளாம். நான் இருப்பது அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, பாவிகள்.

"அவ கல்யாணத்துக்கு நான் போகல," என்றாள். "அந்த வாரம்தான் என் கல்யாணம் நின்னுபோச்சு. மண்டபத்துல போய் நிக்க என்னால முடியல. சொன்னா அவ கல்யாணத்தையே விட்டுட்டு என்கிட்ட ஓடி வந்திருப்பா. அதான் சொல்லல. அப்புறம் சொல்லலாம்னா, அவளே இல்ல."

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ. எழுந்துவிட்டேன்.

"அதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதானேடி?"

வக்கீல் கையைக் காட்டினார். "கேள்வியெல்லாம் கடைசியில, மேடம்."

நெட்டை என்னைப் பார்த்தாள். என் படத்தைப் பார்த்தாள். மேடையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஏறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைக் கிள்ளிப் பார்த்தாள் — வலிக்கிற மாதிரி. இரண்டு பேரும் அழுதோம். வக்கீல் ஒரு நிமிட மௌனம் அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

ஏப்ரல் 13

நெட்டை வந்திருக்கிறாள். மதியம் சாப்பிட்டுவிட்டு அடுத்த அறையில் படுத்தவள் விட்ட குறட்டையில் ஜன்னல் அதிர்ந்தது. ஹாஸ்டலில் அவள் கட்டிலைத் தட்டுவேன்; இப்போது சுவரைத் தட்டினேன்.

"தட்டாதடி, முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்று பொய் சொல்லிவிட்டு, மறுபடி குறட்டை.