மேட்ச்சுக்குக் கிளம்பும் முன்

என்னங்க,

எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. முகம் பார்த்துச் சொல்லத் தைரியமும் இல்லை. பாப்பாவின் ஜெர்சி பால்கனிக் கொடியில் காய்கிறது. கிளம்பும்போது வாழைப்பழம் கொடுங்கள்.

நேற்று கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மத்த பிள்ளைங்க தொண்டை கிழியக் கூப்பிடுறாங்க, இவ திரும்பியே பார்க்கல. போய் கோல்கீப்பர் மேல மோதிட்டா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா டீம்ல வெச்சுக்க முடியாதும்மா" என்றார்.

அதற்குத்தானே நீங்களும் வழியெல்லாம் அவளைத் திட்டித் தீர்த்தீர்கள்?

துவைக்கப் போட்ட சாக்ஸுக்குள் பஞ்சு உருண்டைகள் இருந்தன. கேட்டேன். "அப்பா கத்துறது கேக்கக் கூடாதுன்னு காதுல வெச்சுக்குறேம்மா" என்று சொல்லித் தேம்பித் தேம்பி அழுதாள்.

அக்கறையில்தான் கத்துகிறீர்கள், தெரியும். "ஓடு, பாஸ் பண்ணு, தூங்குறியா" என்று சொல்லக் கோச் இருக்கிறார். உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், இன்று கை மட்டும் தட்டுங்கள். தோற்றாலும் தட்டுங்கள்.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பி.கு.: வாய் சும்மா இருக்காது என்றால், மேஜையில் மிட்டாய் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. வீட்டிலிருந்த பஞ்சை எல்லாம் என் கைப்பையில் எடுத்துக்கொண்டு போகிறேன். இன்று அவளுக்கு எல்லாமே கேட்கும்.