சக்கரம் உருண்டால்தான் சம்பளம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை, எனக்கும் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, கிடைத்த நேரத்தில் தூங்கி, நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அதட்டிவிடுகிறேன் என்று அம்மா சொன்னதால் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள், என் ஒன்பதாம் வகுப்பு வாத்தியாரே பொறுத்துக்கொண்டார்.

நேற்று முடிவெட்டப் போனேன், வெட்ட அங்கே ஒன்றும் இல்லை, பேச்சுக்காகப் போவதுதான். கடைக்காரர் கத்தரியைக் காதோரம் வைத்துக்கொண்டு, உங்க பொண்ணுக்கு என்னண்ணே, பிளேன் மேல போனதும் பட்டனை அமுக்கிட்டா மிஷினே ஓட்டுது, உக்காந்த இடத்துல சம்பளம் கொட்டுது என்றார். போன மாதம்வரை தெரு முழுக்க நான் பாடிய பாட்டும் இதுதானே, எந்த வாயால் மறுப்பது. உன்னைப் பார்க்க வந்தபோது விமானம் மூன்று மணி நேரம் கிளம்பாமல் நின்றதே, அன்றைக்கு, வாங்குற காசுக்கு வண்டிய எடுக்க வலிக்குதா என்று முதலில் கத்தியவன் உன் அப்பன்தான், உன்னிடம் சொல்லவில்லை. சக்கரம் உருண்டால்தான் சம்பளம் ஓடும், நிற்கிற நேரமெல்லாம் தர்மக்கணக்கு என்று நீ சொன்னதிலிருந்து, அன்று கதவோரம் நின்று மன்னிப்புக் கேட்ட அந்த விமானி முகம் ஞாபகம் வந்து கூசுகிறது.

அப்படிக் கூசியும் புத்தி வந்ததா என்றால் இல்லை. கண் சொருகுகிறது, ஒரே நாளில் நாலாவது பயணம் ஓட்ட மாட்டேன் என்று நீ இறங்கிவிட்டாய். கம்பெனி அந்தப் பயணத்துக் கூலியைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் களைப்பில்லை, சொந்தக் காரணத்துக்காகப் போனேன் என்று எழுதிய தாளையும் உன்னிடம் கையெழுத்துக்கு நீட்டியிருக்கிறது. பெரிய சம்பளம்னா நாலு பேச்சு கேக்கத்தான் வேணும், ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலை என்று போனில் அதட்டினேன். சரிப்பா என்று வைத்துவிட்டாய். அந்தச் சரிப்பா மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது.

நான் பஸ் ஓட்டிய காலத்தில் என்கூட வந்த கண்டக்டர், நீ விசில் மாமா என்பாயே, பிரேக் பிடிக்காமல் அவர் கால் போனது என்றுதான் உன்னிடம் சொல்லி வைத்தோம். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் அதை மிதிக்கவில்லை, தூங்கிவிட்டேன். அன்று இரண்டு ஷிஃப்ட் முடித்து, மூன்றாவது ஓட்ட முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். ஓட்டினா கூலி, உக்காந்தா வீடு என்றார் டிப்போ மேனேஜர். உடம்பு நலம், ஓட்டச் சம்மதம் என்று ஒரு தாள் நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். டிரைவரே நலம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், எங்கள் மேல் தப்பில்லை என்று அதே தாளைக் காட்டி, விசில் மாமாவுக்கு நஷ்ட ஈடு பைசா தரவில்லை. இன்றும் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து, பாப்பா எங்க பறக்குது என்று என்னையே கேட்கிறார்.

உங்களைப் போன்ற விமானிகளுக்குக் கொடுக்கும் சம்பளம் நியாயமா என்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், ஓட்டுவதற்குக் கூலி உண்டு, ஓட்ட மாட்டேன் என்று சொல்வதற்கு எவனும் தருவதில்லை, உங்கள் வேலையில் கஷ்டமானது அதுதான். என்னால் முடியாததை நீ செய்திருக்கிறாய், அதையும் நான் கெடுக்கப் பார்த்தேன்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. போட்டுவிட்டாய் என்றால், அது பொய் என்று இன்னொன்று எழுதிக் கொடு. வேலை போனால் போகட்டும், நீ போனபின் உன் அறையில் போட்ட தையல் மிஷினை அம்மா ஏற்கெனவே வெளியே எடுத்து இடம் பண்ணிவிட்டாள், ஏன் என்று நான் கேட்கவில்லை. கண் சொருகுகிறது என்றாயே, ஒரு டாக்டரையும் பார்க்க மறக்காதே. நூறு வயசு நன்றாக இரு கண்ணு.

நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்ட
உன் அப்பா