குடிக்காமல் வைத்த கோப்பை

கரக், 14 மார்ச் 1997

அன்புத் தம்பி மம்தூஹுக்கு,

நான் நலம். அபுதாபி வெயிலில் நீயும் நலமாக இருக்க வேண்டும். நான் எழுதினால்தான் நீ எழுதுகிறாய். இந்தச் செய்திக்காவது உடனே பதில் போடு.

அம்மான் ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர் நேரில் வந்தார். உப்பிட்டுக் காயவைத்த என் ஜமீத் தயிர் உருண்டையையும் பெரியப்பா மகன் ஃபவாஸின் உருண்டையையும் தனித்தனியாகக் கரைத்துப் பார்த்தார். அவனுடையதில் மாவு அடியில் தங்கிவிட்டது. என்னுடையது சுத்தமான ஆட்டுத்தயிர். இனி ஆண்டு முழுவதும் அவர்கள் மன்சஃப் கறிச்சோற்றுக்கு நம் பட்டறை ஜமீத்தான். கூடுதலாகப் பெண்களை வேலைக்குச் சேர்த்திருக்கிறேன்.

பட்டறைக் கதவின் மேல் என் பெயரை எழுத வைத்தேன். ஃபவாஸ் நின்று படித்துவிட்டு, "பொம்பள பேரு போட்ட ஜமீத்த எவன் விருந்துல வைப்பான்?" என்றான். "ஹோட்டல்காரன் வைப்பான், போய்க் கேளு" என்றேன். முகம் கறுத்துப் போய்விட்டான்.

உன் அக்கா,
நோஃபா

அபுதாபி, 5 ஏப்ரல் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

உன் செய்தி படித்துப் பெருமைப்பட்டேன். இனி எழுதப்போவதைப் பொறுமையாகப் படி.

இங்கே வேலை பார்க்கும் நம் குலத்தார் வெள்ளிக்கிழமை என் அறைக்கு வந்தார்கள். முன்னால் ஃபவாஸின் தாய்மாமன். காபி ஊற்றினேன். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பேன் என்று அவர் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். ஹோட்டலுக்கு ஜமீத் கொடுக்கும் வேலையை ஃபவாஸுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், ஒரே குலத்துக்குள் ஒரு பெண் ஆணோடு போட்டி போடுவது வெளியாருக்குச் சிரிப்பாக இருக்கிறது என்றார்கள்.

அத்தனை கோப்பையும் தரையில் இருந்தது, அக்கா. அப்பா வயதுள்ளவர்கள். நான் வேறென்ன செய்ய? "குடிங்க மாமா, கேட்டது கெடச்சாச்சு" என்று சொல்லிவிட்டேன். வாக்கு வாக்குதான். என் தலையைக் குனிய வைக்காதே.

உன் தம்பி,
மம்தூஹ்

கரக், 22 ஏப்ரல் 1997

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே உன் வாக்கு வந்துவிட்டது. பால் கொண்டுவரும் மேய்ப்பர்கள் என் வாசலைத் தாண்டி ஃபவாஸ் வீட்டுக்குப் போனார்கள். ஒருவரை நிறுத்திக் கேட்டேன். "ஒன் தம்பி குடுத்துட்டாரே, தாயி. அப்புறம் ஒங்கிட்ட ஊத்துனா எனக்கு இங்க மேய்ச்சல் கெடைக்குமா?" என்றார்.

பட்டறை என்னுடையது. உப்பில் வெடித்த கை என்னுடையது. உன்னிடம் இருந்தது காபிக் கெண்டி மட்டும். அதை வைத்துக்கொண்டு நீ எதைக் கொடுத்தாய்? அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை உன் வாயில் வரவில்லையா? உன் படிப்பும் இந்தத் தயிரில்தான் கடைந்து எடுத்தது. அப்போது எந்தக் குலத்தாரும் வந்து கோப்பை வைக்கவில்லை.

நானும் போனேன். என் பட்டறைப் பெண்களைக் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டில் போய் உட்கார்ந்தேன். காபி வந்தது. குடிக்காமல் கீழே வைத்தேன். என் பெண்களும் வைத்தார்கள்.

"குடிம்மா, ஆறிடும்" என்றார் பெரியப்பா.

"ஹோட்டல் வேலை என்னோடது, பெரியப்பா. விட்டுட்டேன்னு ஃபவாஸ் சொல்லணும். அப்பதான் குடிப்பேன்."

அவர் சிரித்தார். "அது ஆம்பளைங்க வைக்கிற கோப்பைம்மா. பொம்பளைங்க வெச்சா கழுவி எடுத்துவெக்க வேண்டியதுதான்."

ஃபவாஸின் மனைவி வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போனாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

நோஃபா

அபுதாபி, 9 ஜூன் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஹோட்டல்காரர்கள் ஃபவாஸிடம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவன் உன்னை மேற்பார்வைக்குக் கூப்பிட்டானாமே. போயேன், அக்கா. கைப்பக்குவம் உன்னுடையதுதானே. பெயர் யாருடையதாக இருந்தால் என்ன?

ஜூலையில் விடுமுறை. முதலில் உன் வீட்டுக்குத்தான் வருவேன். நீ தரும் காபியைக் குடிக்காமல் உன் முன்னால் வைப்பேன். நீ மன்னிக்கும் வரை தொடமாட்டேன். நீ மறுக்க மாட்டாய் என்று தெரியும்.

உன் கையால் மன்சஃப் செய்து வை.

என்றும் உன் தம்பி,
மம்தூஹ்

கரக், 25 ஜூன் 1997

மம்தூஹுக்கு,

கதவின் மேல் இருந்த பெயரை யாரோ தார் பூசி அழித்துவிட்டார்கள். அதன் பக்கத்திலேயே பெரிதாக மறுபடி எழுதியிருக்கிறேன். உள்ளே கடைவதற்குத் தயிர் இல்லை. என் பெண்களில் பாதிப்பேர் ஃபவாஸிடம் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மிச்சமிருப்பவர்களோடு மாதபா ஊருக்குப் போகிறேன். அங்கே வேறு குலத்தார் பால் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலில், உனக்காக வாக்குக் கொடுக்கத் தம்பி இருக்கிறானா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

ஜூலையில் நீ வந்தால் வீடு திறந்திருக்கும். காபியும் இருக்கும், நீயே ஊற்றிக்கொள். கோப்பையைக் கீழே வைக்க விரும்பினால் வை. யாரும் வந்து எடுக்க மாட்டார்கள். ஆறியபிறகு நீயே கழுவி வைத்துவிட்டுப் போ.

நோஃபா