ஒன்று பிரிந்தால் இரண்டாம்

மார்ச் 4

இன்றைக்கு மானம் போயிற்று. கட்டு மாற்றும் நர்ஸ் என் இடது கால் பெருவிரலைப் பார்த்துவிட்டு, “புது செல் வரவே இல்லையேக்கா” என்றாள். நான் பையிலிருந்து என் பழைய செல்லை எடுத்துக் காட்டி, “இதுவே நல்லாத்தாம்மா பேசுது” என்றேன். வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

மார்ச் 7

நர்ஸிடம் கேட்டே விட்டேன். உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத செல்தானாம். பழசு தினமும் செத்து உதிருமாம். ஒன்று இரண்டாகப் பிரிந்து பிரிந்து புதுசு வந்தால்தான் புண் மூடுமாம். எனக்குச் சர்க்கரை. விரலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை, அதனால் பிரியவில்லை.

“பிரிஞ்சா பாதிப் பாதியாத்தானே ஆகும்?”

“இல்லக்கா. உள்ள இருக்கிற முக்கியமானதை எல்லாம் முதல்ல ரெண்டு ரெண்டா ஆக்கிக்கும். அப்புறம்தான் பிரியும். ரெண்டுக்கும் குறை இருக்காது.”

அப்பா வீட்டைப் பிரித்தபோது என் தம்பி அந்த முதல் பாடத்தை விட்டுவிட்டான். நேராகச் சுவர். குழாய் அவன் பக்கம், கக்கூஸ் என் பக்கம். நான் குடத்தோடு அவன் வாசலில் நிற்கிறேன், அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் நிற்கிறான். சுவர் கட்டி மிஞ்சின செங்கலில்தான் இந்த விரல் இடித்தது. வலிக்கக்கூட இல்லை.

மார்ச் 8

செருப்புக் கடையில் பகல் முழுக்க ஊர்க்கால்களுக்கு மாட்டிக் கழற்றினேன். எத்தனை விரல்கள்.

மார்ச் 15

விரல் கறுத்துவிட்டது. “திங்கக்கிழமை பார்ப்போம், இல்லேன்னா எடுத்துடலாம்” என்றார் டாக்டர். பல்லைப் பிடுங்குகிற மாதிரி.

தம்பி சுவருக்கு மேலே தலையை நீட்டினான். “இன்னும் ஆறலையாக்கா?”

“உன் செங்கல்லுக்கு என் மேல பாசம்டா. விடமாட்டேங்குது.”

“நான் ஓரமாத்தானே வச்சிருந்தேன்” என்றான். தலை இறங்கிவிட்டது.

அவ்வளவுதானா? அவனைத் தூக்கி வளர்த்தவ நான். ஏ விரலே, உனக்கு மட்டும் பிரியத் தெரியலையா? இந்த வீட்லதானே இருக்கே — பார்த்துக் கத்துக்கக் கூடாதா?

மார்ச் 18

எடுத்தாயிற்று.

ஏப்ரல் 20

இன்று வேலைக்குத் திரும்பினேன். முதலாளி தந்த புதுச் செருப்பு, மெத்தென்று இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, பிடித்துக்கொள்ளப் பெருவிரல் இல்லாததால், இடது செருப்பு படியிலேயே தங்கிவிட்டது. பஸ் போய்விட்டது. ஒற்றைச் செருப்பு தனியாக விற்பதில்லை என்று வருகிறவர்களிடம் சொல்வது எங்கள் கடையில் என் வேலை.