உச்சி லீவர்

என் வாலுப் பெண்ணுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகியும் பதில் போடாதது என் தப்புதான், முதலில் செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். நான் பார்த்துக்கொள்ளும் ஒன்பது மாடிக் கட்டடத்தில் புது லிஃப்ட் போட்டார்கள் அல்லவா, அது நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஏழாம் மாடி இங்கிலீஷ் டீச்சர், நிறைமாதம். மெஷின் அறைக்கு ஓடினேன். பழைய மெஷினில் இரண்டே லீவர், மேலது அப்பர், கீழது லோயர். இதில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று. முதலில் எதை இழுக்க வேண்டும் என்று பலகையில் போட்டிருந்த வார்த்தை அப்பர் என்று தொடங்கி வால் மாதிரி நீண்டது. அடியில் இருப்பதற்கு மேலே இருப்பதுதானே அப்பர் என்று நடு லீவரில் கையை வைத்துவிட்டேன், ஆனால் மனசு கேட்கவில்லை. லிஃப்ட்டுக்குள் இருக்கும் போனில் டீச்சரைக் கூப்பிட்டு எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "கடைசில மோஸ்ட் இருக்கா அண்ணா? அப்போ அதுக்கு மேல எதுவுமே கிடையாது, உச்சில இருக்கறத இழுங்க" என்றார். இழுத்தேன், பெட்டி பூப்போல இறங்கி நாலாம் மாடியில் நின்றது. நடுவில் இருந்தது பிரேக்கை விடுவிப்பது, அதை முதலில் இழுத்திருந்தால் பெட்டி பிடியில்லாமல் ஓடியிருக்கும்.

படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபடி அவர்தான் விளக்கினார். இன்னர் என்றால் உள்ளே இருப்பது, இனி உள்ளே போக இடமே இல்லை என்றால் இன்னர்மோஸ்ட். வெளிப்பக்கத்துக்கும் அப்படியே. இடது வலதுக்கு லெஃப்ட்மோஸ்ட், ரைட்மோஸ்ட் உண்டு, இன்னர் மாதிரி லெஃப்டர், ரைட்டர் என்ற நடுப்படி மட்டும் கிடையாதாம். ஏன் என்றேன், "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லயே அண்ணா" என்று சிரித்தார். முப்பது வருஷம் மேலும் கீழும் போய்வந்தவன், திசைக்கே படிக்கட்டு இருக்கிறதா என்று வாய் பிளந்து நின்றேன். வியாழக்கிழமை அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது, இருவரும் நலம்.

நீ வேலை மாற்றிப் போகக் கேட்ட ஊரை நார்தர்ன்மோஸ்ட் என்று எழுதியிருந்தாயே, அதற்கு மேல் வடக்கே ஊரே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதுவரை நார்தர்ன் மட்டும் புரிந்து, இருக்கிற தூரம் போதாதா, இன்னும் வடக்கேயா என்ற பயத்தில்தான் பதில் போடவில்லை. அம்மாவிடம் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தாள். "அதுக்கு மேல வடக்கே இல்லேன்னா, அங்கேருந்து எந்தப் பக்கம் அடி வெச்சாலும் நம்ம பக்கம்தானே வருவா" என்றாள். உடனே பேனாவை எடுத்துவிட்டேன். போய் வா கண்ணு, எங்கள் ஆசி உன்னோடு வரும். காதை மூடுகிற தொப்பியை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா