ஒரே குடத்துத் தண்ணீர்

விருத்தாசலம்
28.3.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

அன்பரசி அண்ணி எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் என் தம்பி, உன் புருஷன் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். வெண்பாவுக்கு மறுபடியும் டயாலிசிஸ் செய்தார்களாமே. நாலு வயசுக் குழந்தை, ஊசி என்றாலே ஓடி ஒளிகிறவள். எப்படித்தான் தாங்குகிறாளோ.

மாசி மகத்துக்கு வந்தபோது அவள் குடித்த அதே குடத்துத் தண்ணீரைத்தான் என் பையன்களும் குடித்தார்கள். பெரியவனுக்கு இரண்டு நாள் வயிறு போனது, அவ்வளவுதான். "உங்க வூட்டுத் தண்ணிதான் எம் பொண்ண இப்படி ஆக்கிச்சு" என்று ஆஸ்பத்திரி வாசலில் நீ கத்தியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பீங்கான் பட்டறையில் அச்சில் மண்கூழ் ஊற்றுகிறேன்; கை அது பாட்டுக்கு ஊற்றுகிறது.

நீ சாப்பிடுகிறாயா? ஒரு வரி எழுது.

அன்புடன்,
அண்ணி

விருத்தாசலம்
20.4.2025

பிரியாவுக்கு,

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. குழந்தைக்குத் தானாகவே சிறுநீர் பிரிந்துவிட்டது என்று சொல்லித் தம்பி போனிலேயே சந்தோஷத்தில் அழுதான்.

நேற்று புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். நீ அசந்து தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்பவில்லை. டாக்டரம்மாவிடம் மட்டும் இது எதனால் வந்தது என்று கேட்டேன். "இந்தக் கிருமி எல்லார் குடல்லயும் இருக்குதும்மா, ஒண்ணும் பண்ணாது. அதுல ஒரு வகை மட்டும் நஞ்சு கக்கும். பெரியவங்களுக்குப் பெரும்பாலும் வயித்துப்போக்கோட போயிடும். சின்னப் பிள்ளைங்களுக்குச் சில சமயம் ரத்தத்துல கலந்து கிட்னியப் புடிச்சிக்கும்" என்றார்.

"எங்க வூட்டுத் தண்ணியிலதான் இருந்துச்சுங்களா?"

"இருக்கலாம். திருவிழாவுல தின்னதுலயும் இருந்திருக்கலாம். இனிமே சொல்ல முடியாது."

அதைக் கேட்டால் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பாத்திரம் கழுவும் தண்ணீரைக்கூடக் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணி

ஸ்ரீமுஷ்ணம்
16.5.2025

அண்ணிக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து வெண்பாவோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். உப்பில்லாத சோற்றைத் தட்டோடு தள்ளிவிடுகிறாள். மாதா மாதம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

டாக்டரம்மா உங்களிடம் சொன்னதை எனக்கு முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். தெரிந்துதான் கத்தினேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நான் எப்படித் திட்டுவது? நீங்கள் எதிரில் நின்றீர்கள்.

இப்போது அந்தக் கோபமும் இல்லை, அசதிதான் இருக்கிறது. இருந்தாலும் உங்கள் வீட்டுப் படியேற மனசு வரவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை.

"அத்த ஏன் வரல?" என்று இவள் கேட்கிறாள். வெயில் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்குச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வாருங்கள். என்னைப் பேசச் சொல்லாதீர்கள். இவளை மடியில் போட்டுக்கொள்ளுங்கள், நான் கொஞ்சம் தூங்க வேண்டும்.

பிரியா