பரீட்சைக்குக் கொடுத்த கார்டு

பரீட்சைக் கட்டணம் கட்டச் சொல்லி ஃபிளோரா கொடுத்த கிரெடிட் கார்டில் தம்பி ஜெனிஸ்டன் புதுப் போன் வாங்கிவிட்டான். கேட்டதற்கு, “பைய கட்டிருவேன்க்கா” என்று படுத்துக்கொண்டான். காலையில் கங்கைகொண்டான் ஆலைக்குக் கிளம்புமுன் அவள் அடுப்படியில் ஒட்டிவைக்க ஒரு சீட்டெழுதினாள்.

“ஏலே, கார்டை பிளாக் பண்ணிட்டேன். இன்னைக்கே போனைக் கடையில திருப்பிக் குடு. அவங்க எடுக்கலன்னா வித்து, கார்டுக்குக் கட்டு. அம்மாட்ட நான் சொல்லல, நீயே சொல்லு. சட்டியில மீன்குழம்பு இருக்கு, சூடுபண்ணிச் சாப்பிடு. வெளிய போனா சாவியை எதிர்வீட்டுல குடு.”

எழுதி முடித்தபோது கோபம் தணிந்திருந்தது; முடிவு மாறவில்லை. அடியில் இடம் பார்த்து நுணுக்கி எழுதினாள்:

“பரீட்சைக்கு நானே கட்டிட்டேன்லே. ஒழுங்காப் படி.”